மாதிரி ரயில் பெட்டிகளில் பெயின்ற் கழற்றுதல்: யாழ்ப்பாணத்தில் கிடைப்பதைக் கொண்டு ஏழு வருட அனுபவம்

2018 இல் லண்டனிலிருந்து வந்த மாமா ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய மாதிரி ரயில்களைக் கொண்டுவந்து தந்தார். ஹோர்ன்பி, லீமா, எயார்பிக்ஸ் என்று பல கம்பனிகளினது கலந்து கிடந்தன. அவற்றில் பதினொன்று பயணிகள் பெட்டிகள், எல்லாமே பிரிட்டிஷ் ரயில்வேயின் நீலமும் சாம்பலும். எனக்கு வேண்டியது யாழ்தேவி. 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கி 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றுபோன அந்தக் கோச்சியில், அப்பாவின் மடியில் இருந்து கொழும்புக்குப் போன நினைவு எனக்கு இன்னும் இருக்கிறது. 2014 ஒக்ரோபர் 13 அன்று ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு வந்தபோது சனத்துக்குள் நானும் நின்றேன். எங்கள் தண்டவாளத்தின் அகலம் 1676 மில்லிமீற்றர். 1:76 அளவில், அதாவது உண்மையில் 76 இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 22 மில்லிமீற்றராக இருக்க வேண்டும், ஆனால் இந்த மாதிரிகள் ஓடுவது 16.5 இல். அதை மாற்ற என்னால் முடியாது. நிறத்தையாவது என் நினைவில் இருக்கும் அந்தச் செங்கபிலத்துக்குக் கொண்டுவரலாம் என்றுதான் தொடங்கினேன்.

பழைய பெயின்றுக்கு மேலேயே பூசினால் என்ன என்று பலர் கேட்டார்கள். முதல் பெட்டிக்கு அப்படித்தான் செய்தேன். கதவுக் கோடுகள் அடைபட்டுப் போயின, பழைய வெள்ளைப் பட்டையின் விளிம்பு புது நிறத்துக்குக் கீழே மேடாகத் தெரிந்தது. கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். மாதிரியில் 0.1 மில்லிமீற்றர் தடிப்புக்குப் பெயின்ற் ஏறினால், உண்மைப் பெட்டியில் அது 7.6 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு தகட்டையே மேலே ஒட்டியது மாதிரி. அதனால் கழற்றத்தான் வேண்டும்.

இதற்கென்றே இங்கிலாந்தில் மொடல்ஸ்ட்ரிப், சூப்பர்ஸ்ட்ரிப் போன்றவை விற்கிறார்கள். தீப்பிடிக்கும் திரவத்தையும் தோலை அரிக்கும் மருந்தையும் விமானப் பொதியில் வைக்க முடியாது என்பதால் மாமாவிடம் கேட்கவும் வழியில்லை. அப்புறம் டவுனில் என்ன கிடைக்கிறதோ அதுதான்.

முதலில் வாங்கியது தின்னர். ஹாட்வெயார் கடையில் "பெயின்ற் கழட்டவோ, தின்னர் எடுங்கோ தம்பி" என்றார்கள். இரும்புக் கேற்றுக்கு அது சரியான பதில். நான் பிளாஸ்ரிக் என்று சொல்லியிருக்க வேண்டும். பஞ்சில் தோய்த்துக் கூரையில் ஒரு தரம் தேய்த்தேன். பெயின்றோடு கூரையும் வெயிலில் வைத்த பனங்கட்டி போல இளகி, விரல் அடையாளம் பதிந்துவிட்டது. அந்தப் பெட்டி போனதுதான். நைற்றோ தின்னரில் தொலுயீன், அசற்றோன் போன்றவை இருக்கின்றன. மாதிரி ரயில் செய்யும் பொலிஸ்ரைறீன் என்ற பிளாஸ்ரிக்கை அவை கரைத்துவிடும். அசற்றோன் கலந்த நகப்பூச்சு நீக்கியும் இதே வேலையைத்தான் செய்யும். பிளாஸ்ரிக் உடலுக்குப் பக்கத்தில் இவை இரண்டையும் கொண்டுபோகவே வேண்டாம்.

வழி திறந்தது ஒரு போன் திருத்தும் கடையில். திரை மாற்றக் கொடுத்துவிட்டு நின்றபோது, பெடியன் ஒரு போத்தலிலிருந்து ஏதோ ஊற்றிப் போர்டைக் கழுவிக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டேன். "ஐபிஏ அண்ணை. போர்டுக்கு ஒண்டும் செய்யாது, ஊத்தை மட்டும் போகும்" என்றான். ஐசோபுரோப்பைல் அல்ககோல், 99 வீதம். அவன் வாங்கும் இடத்தைக் கேட்டு அரை லீற்றர் வாங்கினேன். ஏழு வருடமாக என் முதல் தெரிவு அதுதான்.

கம்பனியிலேயே பூசிவரும் மெல்லிய பெயின்றுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. அல்ககோல் பெயின்றுப் படலத்துக்குள் ஊறி அதை உப்பச் செய்கிறது, பிளாஸ்ரிக்கைக் கரைப்பதில்லை. படலம் சுருங்கித் தோல் போல எழும்பிவரும்போது பார்க்க அத்தனை திருப்தியாக இருக்கும். எங்கள் வெக்கையில் சில பெட்டிகளுக்கு இரண்டு மணித்தியாலமே போதும், சிலவற்றை ஒரு இரவு விட வேண்டியிருந்தது. நான் அரை மணிக்கு ஒரு தடவை மூடி திறந்து பார்ப்பேன். இறுக்கமாக மூடும் ஐஸ்கிறீம் பெட்டி கட்டாயம் வேணும், இல்லாவிட்டால் பாதி ஆவியாகிப் போய்விடும். அடுப்பு, நுளம்புத்திரி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. இதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் பரவித் தீப்பிடிக்கும். நான் வேலை செய்வது பின் விறாந்தையில்.

இலக்கத்தையும் எழுத்தையும் மட்டும் எடுப்பதென்றால் முக்கி வைக்கத் தேவையில்லை. காதுப்பஞ்சுக் குச்சியில் ஐபிஏ தொட்டு மெதுவாக உருட்டினால் எழுத்து போய்விடும், கீழே உள்ள நிறம் தப்பிவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் அதுவும் போகும். பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும் முயன்றேன், எழுத்து வேலைக்குப் பரவாயில்லை. கை கழுவும் ஜெல் சரிவராது. அதில் தண்ணீரும் கிளிசறினும் சேர்ந்திருப்பதால் பெயின்றை வழவழப்பாக்குவதோடு சரி.

ஐபிஏ தோற்றது கையால் பூசிய பழைய எனாமலிடம். மாமாவுக்கு முன்னால் யாரோ ஒருவர் ஹம்ப்ரோல் எனாமலைத் தூரிகையால் மூன்று நான்கு தரம் பூசியிருந்த இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டு நாள் ஊறியும் மேல் பளபளப்பு மங்கியதே தவிர ஒன்றும் அசையவில்லை. அதற்கு உதவியது டெற்றோல். காயத்துக்குப் போடும் அதே மண்ணிறத் திரவம். அதில் பைன் எண்ணெயும் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் இருக்கின்றன, அவை சேர்ந்துதான் எனாமலை இளக்குகின்றன. தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றி, பெட்டி முழுதாக மூழ்கும்படி ஒரு நாள் விட வேண்டும்.

இதில் நான் விட்ட பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். இளகிய பெட்டியை எடுத்து நேரே கிணற்றடியில் தண்ணீருக்குள் பிடித்தேன். தண்ணீர் பட்டவுடன் டெற்றோல் பாலாக வெளுத்தது. இளகியிருந்த பெயின்ற் பலாப்பழப் பால் போலக் களியாகி, கதவுக் கோடு, யன்னல் விளிம்பு எங்கும் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க ஒரு முழு நாள் போனது. சரியான முறை: டெற்றோலுக்குள்ளேயே வைத்துப் பழைய பல்லுப் பிரஷால் தேய்க்க வேண்டும், பிறகு வேறொரு பாத்திரத்தில் புது டெற்றோல் கொஞ்சம் ஊற்றி அதில் அலச வேண்டும், பெயின்ற் முழுவதும் போன பிறகுதான் சவர்க்காரமும் தண்ணீரும். மணம் இரண்டு நாளைக்கு வீட்டை விட்டுப் போகாது. அம்மா ஒவ்வொரு முறையும் யாருக்குக் காயம் என்று கேட்டபடிதான் பின்னுக்கு வருவார்.

கோடுகளுக்குள் நிற்கும் மிச்சத்தை எடுக்க ஊசி, கத்தி எதுவும் வேண்டாம், பிளாஸ்ரிக்கில் கீறல் விழும். நான் பாவிப்பது தென்னை ஈர்க்கு. நுனியைச் சரிவாகச் சீவி டெற்றோலில் ஊறவைத்தால் மெத்தென்று ஆகி, கோட்டுக்குள் சரியாக ஓடும். எத்தனையோ கருவிகள் முயன்று கடைசியில் விளக்குமாற்றில் இருந்து உருவியதே நின்றது.

பிறேக் ஒயில் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மாதிரி ரயில்காரர் நெடுங்காலமாகப் பாவித்த வழி அது. மோட்டார் உதிரிப்பாகக் கடை எதிலும் கிடைக்கும். டொட் 3 அல்லது டொட் 4 என்று போட்டிருக்க வேண்டும். டொட் 5 சிலிக்கோன், அது பெயின்றைத் தொடவே தொடாது. டொட் 3 இல் உள்ள கிளைக்கோல் ஈதர் எனாமலை நன்றாகவே கழற்றும், தண்ணீரும் சவர்க்காரமும் போட்டால் கழுவுப்படும். ஆனால் ஒரு பெட்டியை மூன்று நாள் மறந்து விட்டுவிட்டேன். பெயின்ற் போய் அழகாகத்தான் வந்தது. ஒரு மாதம் கழித்து அடிச்சட்டத்தை மாட்ட அழுத்தியபோது பக்கச் சுவர் பிஸ்கற் போல முறிந்தது. நீண்ட நேரம் ஊறினால் சில பிளாஸ்ரிக் இப்படி மொறுமொறுத்துப் போகும் என்று அனுபவத்தில் படித்தேன். இப்போது அதைப் பாவிப்பதில்லை. டெற்றோல் செய்யாததை அது செய்ததாக ஒரு பெட்டியிலும் நான் காணவில்லை.

கோஸ்டிக் சோடாவும் எனாமலைக் கழற்றும், பிளாஸ்ரிக்கைத் தின்னாது. ஒருமுறைதான் செய்தேன். தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மாறிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையில் வார்த்த உடலையும் அரிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், அதனால் மிச்சத்தை வைத்திருக்கவில்லை.

உலோக உடலுள்ள எஞ்சின் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் களி மாதிரியான பெயின்ற் ரிமூவர் அதற்குப் பத்து நிமிடம் எடுத்தது. ஆனால் ரின்னில் மெதிலீன் குளோரைட் என்று இருக்கிறதா பாருங்கள். அதன் ஆவி மூடிய அறையில் ஆளைக் கொல்லக்கூடியது. அமெரிக்காவில் 2019 இலேயே வீட்டுப் பாவனைக்கு அதை விற்பதை நிறுத்திவிட்டார்கள். திறந்த முற்றம், காற்று, கையுறை மூன்றும் இல்லாமல் தொட வேண்டாம்.

எதை ஊற்றினாலும் முதலில் யன்னல் கண்ணாடி, சில்லு, இரும்புப் பாரம் எல்லாவற்றையும் கழற்றி எடுங்கள். தெளிந்த பிளாஸ்ரிக்கில் ஐபிஏ பட்டால் மயிரிழை போல வெடிப்புகள் விழலாம், அதைத் திருத்தவே முடியாது. அப்புறம் பெட்டியின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத ஒரு மூலையில், ஒரு துளி விட்டு ஒரு மணித்தியாலம் பாருங்கள். தின்னருக்கு முன்னால் இதைச் செய்திருந்தால் அந்தக் கூரை இன்றைக்கும் இருந்திருக்கும்.

கடைசி அலசல் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை, தண்ணீர் வன்தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, காய்ந்த பிறகு பிளாஸ்ரிக்கில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். அதற்கு மேலே பூசினால் புள்ளிகள் அப்படியே தெரியும், சில இடத்தில் பெயின்ற் பிடிக்காது. மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் கடைசியாக அலசுகிறேன். கோடையில் பற்றரிக்கு ஊற்றும் வடிதண்ணீர் ஒரு போத்தல் வாங்குவேன். அந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு பெட்டியிலும் புள்ளி வரவில்லை.

அதே சுண்ணாம்புக் கல்தான் கழிவு விஷயத்திலும் பயமுறுத்துகிறது. முற்றத்தில் ஊற்றுவது வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டைக் கண்ட ஊர் இது. ஐபிஏயை அலுமினியம் வலை வைத்த புனலில் வடித்துத் திரும்பவும் பாவிக்கிறேன், ஐந்தாறு தரம் தாங்கும். அடியில் நிற்கும் பெயின்ற் கசடைப் பழைய பேப்பரில் காய வைத்து ரின்னில் அடைக்கிறேன். பாவித்த பிறேக் ஒயிலைக் கராஜில் கழிவு ஒயில் பீப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

புதிதாகத் தொடங்குபவர் ஐபிஏ அரை லீற்றரும் நடுத்தர டெற்றோல் போத்தல் ஒன்றும் வாங்கினால் நான்கைந்து பெட்டிக்குப் போதும். ஐபிஏயைப் பெரிய கானில் வாங்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாரிகாலத்தில் பாதிக் கானைத் திறந்து திறந்து பாவித்தேன், தை மாதம் பார்த்தால் பழைய வேகம் இல்லை. இப்போது அரை லீற்றர் போத்தலாகத்தான் வாங்குகிறேன், திறந்த திகதியை மூடியில் எழுதி வைக்கிறேன்.