அட்வான்ஸில் கழிப்பதா, கையில் வாங்குவதா?

வேலூரில் சத்துவாச்சாரியோ காட்பாடியோ, வீட்டுக்காரரோடு மனஸ்தாபமாகிக் காலி செய்பவர்களுக்கு இதே குழப்பம்தான்: கடைசி வாடகையை அட்வான்ஸில் கழிக்கவா, கட்டிவிட்டு அட்வான்ஸை வாங்கவா?

பணம்
கழித்தால்: அலைச்சல் இல்லை.
கட்டினால்: புது வீட்டு அட்வான்ஸும் சேர்ந்து கையைக் கடிக்கும்.

சட்டம்
கழித்தால்: வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காதவரை அது வாடகை பாக்கிதான்.
கட்டினால்: பலம் உங்கள் பக்கம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தந்தாக வேண்டும்.

பெயிண்ட், ரிப்பேர்
எப்படியும் சண்டை இங்கேதான். சாவி கொடுக்குமுன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், கரண்ட் பில்லையும் கட்டிவிடுங்கள்.

பேச்சுவார்த்தை இருந்தால், வாட்ஸ்அப்பில் ‘சரி’ வாங்கிக்கொண்டு கழியுங்கள். அதுவும் முறிந்திருந்தால் வாடகையை வங்கி வழியே கட்டி, சாவி கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.