ஆஸ்பத்திரி வீதி நரம்புச் சோதனை நிலையம்: எங்கள் அனுபவம்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிற சின்ன நிலையம் இது. என் கணவரை இரண்டு இடங்களில் காட்டிக் குழம்பிய பிறகுதான் இங்கே கூட்டிப் போனேன்.

இவர் உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். நடுகை முடிந்த கிழமை விரல் நுனி விறைக்கிறது என்றார். பிறகு களை பிடுங்கக் குந்தினால் எழும்ப முடியவில்லை, மண்வெட்டியை ஊன்றித்தான் எழும்பினார். வெங்காயம் கிண்டுகிற நேரம், செருப்பு கழன்றதே தெரியாமல் வெறுங்காலுடன் வீட்டுக்கு வந்து நின்றார். முதல் இடத்தில், சீனி வருத்தத்தால் வந்தது என்று விற்றமின் குளிசை தந்து அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் துண்டில் ஜி.பி.எஸ். (கில்லன்-பாரே என்கிற நரம்பு வருத்தம்) என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துப் பார்த்தே பல இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

இங்கே முதலில் இவரின் கால்களைத் தொட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்திருந்ததால் சூடேற்றிய பிறகே, நரம்புக்குச் சின்னக் கரண்ட் கொடுத்து அது எப்படிக் கடத்துகிறது என்று பார்க்கிற சோதனையைத் தொடங்கினார்கள். குளிர்ந்த காலில் நரம்பு மெதுவாகத்தான் கடத்தும், முடிவு பிழைத்துவிடும் என்றார்கள். கரண்ட் அடிக்கிறபோது இவருக்கு நொந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் அடித்தார்கள்.

முடிந்ததும் டொக்டர் இவரிடம் என்ன தொழில் என்று கேட்டார். "ஐயா, மிசின் நல்லாத்தான் இறைக்குது. வாய்க்கால் வரம்பு அரிச்சுப்போனதால தண்ணி பாத்திக்குப் போய்ச் சேரச் சுணங்குது. உங்கட நரம்பைச் சுத்தியிருக்கிற உறைக்கும் அதுதான் நடந்திருக்கு" என்றார். இவர் தலையாட்டினார். இத்தனை நாளில் தன் வருத்தம் இவருக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

அப்புறம் என்னிடம், "எப்ப தொடங்கினது அம்மா?" என்று கேட்டார். திகதி தெரியாது, நட்டதிலிருந்து கிண்டும்வரை கூடிக்கொண்டே போனது என்றேன். இரண்டு மாதத்துக்கு மேல். அதைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கினார்: ஜி.பி.எஸ். என்றால் 4 கிழமைக்குள் உச்சத்துக்கு வந்து நின்றுவிடும். 8 கிழமை தாண்டியும் கூடினால் சி.ஐ.டி.பி. (நரம்பின் உறை நாட்பட்டுப் பழுதாகிற வருத்தம்) என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறது. ஆனால் ஸ்டீரொயிட் முதலாவதற்கு உதவாது, இரண்டாவதற்கு உதவும். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைத்துவிடும்.

பிறகு பெரியாஸ்பத்திரியில் முள்ளந்தண்டு நீர் எடுத்துப் பார்த்ததில் புரதம் கூடியிருந்தது. சி.ஐ.டி.பி.தான் என்றார்கள். இப்போது ஸ்டீரொயிட் எடுக்கிறார். சீனி ஏறுவதால் நாள்தோறும் காலையில் பார்க்கிறோம். போன கிழமை சாரத்தைத் தானே கட்டினார்.

காசு எங்களுக்குப் பெரிசுதான், ஆனால் முதலில் சொன்னதற்கு மேல் ஒரு சதமும் கேட்கவில்லை. அறிக்கை முழுதும் ஆங்கிலம். தமிழில் ஒரு பக்கமாவது தரலாம். பெரிய குறை மாடிப்படி. கால் வலுவில்லாதவர்கள் வருகிற இடத்துக்கு இப்படிச் செங்குத்தான படியா? ஓட்டோக்காரத் தம்பியும் மருந்துக்கடைப் பெடியனும் கதிரையோடு தூக்கித்தான் இவரை ஏற்றினார்கள். கீழே ஒரு அறை எடுங்கோ என்று அவர்களிடமும் சொல்லிவிட்டு வந்தேன். போகிறவர்கள் துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வருத்தம் தொடங்கிய நாளையும் எழுதிக்கொண்டு போங்கோ.