காற்றுக்கு நிற்கும் டிஸ்க் என்று சொல்லி விற்றதும், பொட்டலத்தில் வந்ததும்

டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து கூடையில் போடும் ஆட்டம்) ஆடுபவர்கள், அதிலும் அமெரிக்காவில் பழைய டிஸ்க் வாங்கி விற்கும் குழுக்களில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். 'காற்று நாளுக்கான ஓவர்ஸ்டேபிள் டிரைவர் செட், 5 டிஸ்க், எல்லாம் நிலையில் பத்துக்கு 9, எடை 175 கிராமுக்கு மேல்' என்று ஒரு தனிநபர் போட்ட விளம்பரத்தை நம்பி எங்களுக்கு 110 டாலர் போனது. வந்த ஐந்தில் சொன்னபடி இருந்தது ஒன்றே ஒன்று, அது டைனமிக் டிஸ்க்ஸ் நிறுவனத்தின் ஃபெலன். மற்ற நான்கிலும் நான்கு விதமான பித்தலாட்டம். ஆள் பெயரைச் சொல்லிப் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் கணக்குத் தொடங்குவார். கையாண்ட வித்தைகள் மட்டும் அதேதான் இருக்கும்.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டிரைவர் என்பது தூரத்துக்கு எறியும் டிஸ்க். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்தால், மேலிருந்து பார்க்கும்போது டிஸ்க் கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் இருக்கும்வரை வலப்பக்கம் சாயப் பார்ப்பது டர்ன், வேகம் தணிந்ததும் இடப்பக்கம் விழுவது ஃபேட். டர்னுக்கு அசையாமல், ஃபேட் மட்டும் பலமாக இருப்பதைத்தான் ஓவர்ஸ்டேபிள் என்கிறோம். இன்னோவா நிறுவனத்தின் ஃபயர்பேர்டுக்கு 9, 3, 0, 4 என்று போட்டிருக்கும். வேகம் 9, கிளைட் (மிதக்கும் திறன்) 3, டர்ன் 0, ஃபேட் 4. இந்த எண்கள் அந்த மோல்டுக்கு, அதாவது அச்சு வடிவத்துக்கு, பொதுவாகக் கொடுத்தவை. உங்கள் கையில் இருக்கும் துண்டு எந்த பிளாஸ்டிக், எந்த ரன் (ஒரே தடவையில் வார்த்த தொகுதி), எவ்வளவு அடிபட்டது என்பதெல்லாம் அந்த எண்ணில் ஏறாது. ஏமாற்றுகிறவருக்கு இந்த இடைவெளி போதும்.

முதல் பித்தலாட்டம் எடை. விளம்பரத்தில் ஒரு ஃபயர்பேர்டுக்கு 178 கிராம் என்றிருந்தது. அங்கேயே விழித்திருக்கலாம். இந்த ஆட்டத்தின் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி விட்டத்தில் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. டிரைவர்களின் விட்டம் பெரும்பாலும் 21.1, 21.2 செ.மீ. அளவில்தான் இருக்கும். 21.1ஐ 8.3ஆல் பெருக்கினால் 175.1 கிராம், அவ்வளவுதான் உச்சம். மிட்ரேஞ்ச் (நடுத்தூர டிஸ்க்) 180 வருகிறதே என்றால், அதற்கு விட்டம் அதிகம், 21.7 போல இருக்கும். ஆகவே டிரைவருக்கு 178 என்று எழுதியிருந்தால் ஒன்று டிஸ்க் விதிக்கு வெளியே, அல்லது எழுதியவர் தராசையே பார்க்கவில்லை. சமையலறைத் தராசில் வைத்தோம், 169 காட்டியது. அடியில் நிறுவனம் எழுதிய எடையை யாரோ துடைத்துவிட்டு மார்க்கரில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். நிறுவனம் எழுதும் எடையே ஒன்றிரண்டு கிராம் முன்பின் இருக்கும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். 9 கிராம் அப்படி இல்லை. எதிர்காற்றில் இலேசான டிஸ்க்கைக் காற்று தூக்கிப் புரட்டும். காற்றுக்கென்று வாங்கிய டிஸ்க் இலேசாக இருந்தால் வாங்கிய காரணமே போயிற்று.

இரண்டாவது, தேய்த்த ரிம், அதாவது டிஸ்க்கின் கனமான விளிம்பு. இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அடிபட்டு இளகிப்போன டிஎக்ஸ் (இன்னோவாவின் மலிவான, சீக்கிரம் தேயும் ரகம்) பிளாஸ்டிக் டிஸ்க்கை உப்புத்தாளால் தேய்த்துப் புதிதுபோல் காட்டியிருந்தார்கள். இயல்பாகத் தேய்ந்த ரிம்மில் அங்கங்கே பள்ளமும், பள்ளத்தின் ஓரத்தில் எழும்பிய பிசிறும், பிசிறுக்கு அடியில் மண்ணும் இருக்கும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. தேய்த்த ரிம்மில் சுற்றுமுற்றும் ஒரே அகலத்தில் மங்கலான பட்டை ஓடும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துச் சுற்றினால், மேல்தட்டின் பளபளப்பு ரிம்முக்கு வந்ததும் சட்டென அணைவது தெரியும். நகத்தால் கீறிப் பாருங்கள், மாவுபோல் ஒட்டும். பிசிறை எடுக்க இலேசாகத் தேய்ப்பதை விதி அனுமதிக்கிறது. பறக்கும் விதமே மாறும் அளவுக்குத் தேய்த்தால் அது சட்டவிரோத டிஸ்க். விதி 813.01ன்படி அப்படி ஒன்றைப் போட்டியில் எறிந்தால் இரண்டு எறிதல் அபராதம், தேய்த்தது யாராக இருந்தாலும் எறிந்தவர்தான் கட்ட வேண்டும்.

தேய்த்தால் பறப்பது ஏன் மாறுகிறது? ரிம்மின் வெளிமூக்கில் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் கோடு ஒன்று உண்டு, பார்ட்டிங் லைன். தரையிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு டிஸ்க் ஓவர்ஸ்டேபிளாக நடக்கும். ரிம்மின் அடியைத் தேய்த்தால் கோடு கீழே இறங்குகிறது, மூக்கு கூர்மை இழக்கிறது, டர்ன் எட்டிப் பார்க்கிறது. ஆயிரம் முறை மரத்தில் அடிபட்ட டிஸ்க்குக்கு நடப்பதும் ஏறக்குறைய இதே. சாம்பியன், ஸ்டார் போன்ற உறுதியான பிளாஸ்டிக்கில் இந்த மாற்றம் வர வெகு காலம் பிடிக்கும். டிஎக்ஸ்சில் சீக்கிரமே வந்துவிடும். ஓவர்ஸ்டேபிள் டிரைவரை டிஎக்ஸ்சில் வாங்குவதே எங்களுக்கு உடன்பாடில்லை. நேராகப் போகும் டிஸ்க்காக அதைப் பழக்கிக்கொள்ளப் போகிறவர்கள் வாங்கலாம், அவ்வளவே.

மூன்றாவது, ஸ்டாம்ப் துடைத்த டிஸ்க். மேலே இருக்கும் படமும் பெயரும் வெறும் ஃபாயில். அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். பலர் அழகுக்காகவே துடைத்து வைத்துக்கொள்கிறார்கள், அதில் குற்றமில்லை. இங்கே துடைத்த இடத்தில் மார்க்கரில் 'ஃபயர்பேர்ட்' என்று எழுதி விற்றிருக்கிறார்கள். பல மோல்டுகளின் அடியில் நிறுவனத்தின் பெயரும் காப்புரிமை வரியும்தான் இருக்கும், மோல்டு பெயர் இருக்காது. எனவே ரிம்மின் அகலம்தான் சாட்சி. வேகம் கூடக்கூட ரிம் அகலமாகும். நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஃபயர்பேர்டை மல்லாக்கப் போட்டு, சந்தேகப்பட்டதையும் பக்கத்தில் மல்லாக்கப் போட்டால், உள்வளையம் வரை ஸ்கேல் வைத்து அளக்கலாம். வந்தது கண்ணுக்கே குறுகலாகத் தெரிந்தது. பெரும்பாலும் டீபேர்ட்: 7, 5, 0, 2. தங்கமான டிஸ்க்தான், ஆனால் எதிர்காற்றில் முழுப் பலத்தோடு ஃபோர்ஹேண்ட் எறிய ஃபயர்பேர்டைத் தேடுகிறவர் அதை வைத்து என்ன செய்வார்? 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயர் போட்ட பழைய ரன்களுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை உண்டு. விலை ஏறிய இடத்தில் ஸ்டாம்பை மட்டும் நம்பவே கூடாது.

நான்காவதில் விரிசல். ரிம்மும் தட்டும் சேரும் உள்வளைவில், மயிரிழை அளவுக்கு. குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது மரத்தில் பட்டால் அங்கேதான் விடும். மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. இரு கையாலும் இலேசாக வளைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். விரிசல் விட்ட டிஸ்க்கும் போட்டிக்கு ஆகாது.

ஆகவே பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது மேலிருந்து எடுத்த அழகான படத்தை அல்ல. தராசின் மேல் டிஸ்க், எண் தெரியும்படி. கண்ணாடி மேசையில் வைத்து மேசை மட்டத்திலிருந்து பக்கவாட்டில் எடுத்தது. அதில்தான் டோம் (நடுவில் எழும்பிய மேடு) எவ்வளவு, தட்டு எவ்வளவு சமம், பார்ட்டிங் லைன் எங்கே என்பதெல்லாம் தெரியும். கூடவே ரிம்மை நான்கு பக்கமும் நெருக்கத்தில், உள்வளைவையும் சேர்த்து. பக்கவாட்டுப் படத்தைத் தர மறுக்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். 'பத்துக்கு 9' என்று சொன்னால், ரிம்மில் எத்தனை பள்ளம், பெயர் எழுதியிருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். அவரவர் மதிப்பெண் அவரவருக்கு.

பக்கவாட்டுப் படத்தை ஒப்பிடும்போது ஒரு கவனம். ஒரே மோல்டின் இரண்டு ரன்களை ஒப்பிட்டால்தான் பார்ட்டிங் லைனுக்கு அர்த்தம். ஃபயர்பேர்டையும் டெஸ்ட்ராயர் என்ற வேறு மோல்டையும் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்பதில் ஒன்றும் தேறாது. அச்சிலிருந்து வந்த பிளாஸ்டிக் ஆறும்போது ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும், அதனால்தான் ஒரே அச்சில் ஒன்று தட்டையாகவும் இன்னொன்று டோம் தூக்கியும் வருகிறது. ஃபயர்பேர்டில் தட்டையானதைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். கிளைட் குறைவு, ஃபேட் நம்பகம், ஃபோர்ஹேண்ட் பிடிக்குக் கட்டைவிரல் படிந்து உட்காரும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் மேசையிலிருந்து கோடு வரை அளந்து குறித்துவையுங்கள், ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் வித்தியாசமே பறப்பதில் தெரிந்துவிடும்.

அடுத்தது எறிந்து பார்ப்பது. எறிந்துவிட்டால் பெரும்பாலானோர் திருப்பி எடுக்க மாட்டார்கள், ஆகவே மேலே சொன்ன அளவெல்லாம் முடிந்த பிறகே மைதானம். காற்றில்லாத நேரத்தில், நன்றாகப் பழகிய ஒரு நேர் டிஸ்க்கோடு மாற்றி மாற்றி, இடுப்பு உயரத்தில் தட்டையாக, 200 அடி போகும் பலத்தில் எறியுங்கள். உண்மையான ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் பாதித் தூரத்திலேயே இடப்பக்கம் திரும்பத் தொடங்கும். பிறகு முழுப் பலம். அதன் பிறகு, மணிக்கு 10-15 மைல் எதிர்காற்று கிடைத்தால் அதிலும். எதிர்காற்றில் டிஸ்க்குக்குக் காற்றின் வேகமும் சேர்வதால் டர்ன் கூடும். அங்கேயும் வலப்பக்கம் சாய்ந்து திரும்பாமல் போய்விட்டால் அது ஓவர்ஸ்டேபிள் இல்லை. பின்காற்றில் சோதிக்காதீர்கள், அதில் எல்லாமே சீக்கிரம் இடப்பக்கம் விழும். டென்வர் போன்ற உயரமான ஊரிலும் இதே மயக்கம் வரும், மெல்லிய காற்றில் எல்லா டிஸ்க்கும் கூடுதல் ஓவர்ஸ்டேபிளாகத் தெரியும்.

குறையை விற்றவர் தலையில் போடுவதற்கு முன் எறிந்த கையையும் பார்க்க வேண்டும். மூக்கு மேலே தூக்கி எறிந்தால் நேர் டிஸ்க்கும் இடப்பக்கம் பாயும். டிஸ்க்கைத் தள்ளாட்டத்தோடு விட்டால் ஃபயர்பேர்டும் புரளும். பழகிய டிஸ்க்கும் அதேபோல் நடந்தால் கோளாறு டிஸ்க்கில் இல்லை.

விற்பனையாளர் கூடவே ஒரு ஆலோசனையும் அனுப்பியிருந்தார்: புதியவர்களுக்கும் இந்த செட்டே போதும், தூரம் கூடும் என்று. சில கடைகளிலும் இதே பேச்சுதான். 200 அடி எறிகிறவர் கையில் 12, 5, 0, 4 எண் கொண்ட எக்ஸ்காலிபரைக் கொடுத்தால், அது எழும்பி இடப்பக்கம் குத்தி நிற்கும். தூரம் குறையும், தோளும் வலிக்கும், ஏனென்றால் ஃபேட்டைச் சமாளிக்க ஒவ்வொரு எறியிலும் உடலை முறுக்குவார். அவருக்கு லெப்பர்டு போன்ற 6, 5, -2, 1 ரகம்தான் தூரம் தரும். ஓவர்ஸ்டேபிள் டிரைவர் ஒன்று வேண்டுமானால் வேகம் 9க்குள் வாங்குங்கள்: ஃபயர்பேர்ட், ஃபெலன், ஃபேட் கொஞ்சம் குறைவானது வேண்டுமென்றால் கஸ்தாபிளாஸ்டின் ஸ்டால், டிஸ்க்கிராஃப்டின் ராப்டர். ஒன்றே போதும்.

அந்த ஒன்றுக்கு வேலை இருக்கிறது. எதிர்காற்றில் தாழ்வாகத் தட்டை எறி. கூடையைச் சுற்றிய இடத்துக்கு (கிரீன்) முன்னால் விழுந்து இடப்பக்கம் சறுக்கிப் போகும் ஸ்கிப். அன்ஹைசரில் (வலப்பக்கம் சாய்த்து) விட்டு, வலப்பக்கம் போய் மரத்தைச் சுற்றித் தானே எழுந்து திரும்பும் ஃப்ளெக்ஸ். உயரமாக ஹைசரில் (இடப்பக்கம் சாய்த்து) தூக்கி நேர்க்குத்தாக இறக்குவது. கான்சஸின் எம்போரியா போன்ற திறந்தவெளி ஊர்களில் இந்த நான்கும் தினசரிச் சோறு. ஃப்ளெக்ஸில் பலர் செய்யும் தவறு, பலமில்லாமல் சாய்வை மட்டும் கூட்டுவது. டிஸ்க் எழுவதற்குள் தரை வந்துவிடும். சாய்வைக் குறைத்து உயரத்தைக் கூட்டுங்கள்.

பண விஷயத்துக்கு வருவோம். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதற்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. பொருள் வாங்கும் வழியில் அனுப்பினால் 180 நாளுக்குள் தகராறு தொடங்கலாம். எங்களுக்குப் பாதிப் பணம் திரும்பியது, அதுவும் பொட்டலம் பிரிக்கும்போதே எடுத்த தராசுப் படமும் ரிம் அளவும் இருந்ததால். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் கட்டும் முன்பே எடுத்து வைக்க வேண்டும், புகார் போன மறுநாள் அந்த விளம்பரம் காணாமல் போனது. எல்லாம் சரிபார்த்து முடியும்வரை டிஸ்க்கின் அடியில் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதாதீர்கள். மை பட்டுவிட்டால் நல்ல கடைக்காரர்கூடத் திருப்பி எடுக்கத் தயங்குவார்.