தண்டையார்பேட்டையில் மகன் மூச்சடக்கி அழுதபோது

கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது டொராண்டோவில். மகனுக்கு ஒன்றே கால் வயது. கையில் இருப்பதைப் பிடுங்கினால் வீறிட்டு அழுவான். அழுகிற வேகத்தில் மூச்சு அப்படியே நின்று, உதடு நீலம் பாய்ந்து, உடம்பு துவண்டு சில நொடிகள் நினைவு தப்பிவிடும். பிறகு தானாகவே மூச்சு வரும். அங்கே எப்போதாவது வந்தது, சென்னைத் தண்டையார்பேட்டையில் மாமியார் வீட்டுக்குப் போனதும் தினமும் வர ஆரம்பித்தது. புது முகங்கள், வெயில், தூக்கம் கெட்டது எல்லாம் சேர்ந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா, "சாவிக்கொத்தைக் கைல குடும்மா" என்று ஓடி வந்தார். அத்தை முகத்தில் தண்ணீர் அடித்தார். பதறிப்போய்ச் செய்கிறார்கள், கோபப்பட முடியவில்லை.

முதலில் போன தனியார் கிளினிக்கில் நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் வலிப்பு என்று முடிவுகட்டி, ஸ்கேன், மூளை அலைப் பரிசோதனை, மாத்திரை என்று எழுதித் தந்தார்கள். மனசு ஒப்பவில்லை. மறுநாள் காலை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். கூட்டம்தான், ஆனால் அந்த டாக்டரம்மா கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன்: "முதல்ல அழுதானா, இல்ல அழாமலே விழுந்தானா?"

அந்த வரிசைதான் முக்கியமாம். இது வலிப்பு இல்லை, அழுகையில் வரும் மூச்சடக்கம் என்றார். இதில் கோபமோ வலியோ பயமோ ஒன்று முன்னால் இருக்கும். பிறகு அழுகை, பிறகு நிறம் மாறுவது, கடைசியில் துவள்வது. வலிப்பு பெரும்பாலும் இப்படி ஒரு காரணத்தைத் தேடி வராது. செல்போனில் எடுத்திருந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சில குழந்தைகள் கீழே விழுந்தால் நீலமாகாமல் வெளுத்துப்போவார்கள், அப்போது இதயத் துடிப்பு குறைகிறது என்றார். எதற்கும் ஒருமுறை ஈசிஜி எடுத்துவிடச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை.

அப்புறம் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.2. இந்த வயதுக் குழந்தைக்கு இது ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவுக்கும் இந்த மூச்சடக்கத்துக்கும் தொடர்பு உண்டு, சரிசெய்தால் பலருக்குக் குறைகிறது. "பால் எவ்வளவு குடிக்கிறான்?" என்று கேட்டார். சோறு இறங்காத நாளெல்லாம் பால்தான் என்றோம். பாலைக் குறைத்து, முட்டை, பருப்பு, ஈரல் கொடுக்கச் சொன்னார். நர்ஸம்மா, "சுவரொட்டி கெடச்சா அவிச்சுக் குடுங்க" என்றார், ஆட்டு மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வார்கள். இரும்புச்சத்து சிரப் இலவசமாகவே கொடுத்தார்கள்.

அத்தைக்கும் அவரே பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிள்ளை வேண்டுமென்றே செய்வதில்லை, பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். அதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுக்கவும் வேண்டாம். வந்தால் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குலுக்குவது, வாயில் விரல் விடுவது, தண்ணீர் அடிப்பது கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள், ஒரு நிமிடம் தாண்டியும் நினைவு வராவிட்டால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இப்போது மிகவும் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் ஆறு வயதுக்குள் தானாக நின்றுவிடும் என்றார். சிரப்பைப் பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மலம் கறுத்துப் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.