கொடைக்கானலில் காசில்லாமல் டிவி: ஆன்டெனாவா, ஃப்ரீ டிஷ்ஷா?

மாதக் கட்டணம் ரெண்டுக்கும் கிடையாது. ஆனால் கூரை ஆன்டெனா நம்பியிருந்த அனலாக் (டிஜிட்டலுக்கு முந்தைய பழைய முறை) ஒளிபரப்பை தூர்தர்ஷன் 2022க்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அது ஓடிய காலத்திலும் மலை குறுக்கே நின்றால் படம் புள்ளிபுள்ளியாகத்தான் வரும், பூம்பாறை மாதிரிப் பள்ளத்தாக்கு ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருவது 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. இங்கிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, அடிவானத்துக்கு ஏறக்குறைய 68 பாகை மேலே நிற்கிறது, அதனால் எதிர் மலைமுகடு மறைப்பது அபூர்வம், வீட்டையொட்டி வளர்ந்த சீகை மரம் வேண்டுமானால் மறைக்கும். பனிமூட்டத்துக்கெல்லாம் அசையாது. ஐப்பசி அடைமழையில் படம் உறையும். இந்த ஒரு விஷயத்தில் பழைய ஆன்டெனாதான் கெட்டி.

கட்டணச் சேனல் சீரியல் வேண்டுமென்றால் ரெண்டுமே உதவாது. சரி, டிடி தமிழ் போதும் என்பவர்கள் டிஷ்ஷையே மாட்டுங்கள், செட்டாப் பெட்டியை மட்டும் எம்பெக்-4 (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் புது முறை) என்று கேட்டு வாங்குங்கள்.