காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு: பழைய கண்ணாடி வாங்கப் போகிறவர்களுக்கு

சுவரில் மாட்டப் பழைய கண்ணாடி வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கே போய்விடுங்கள். ஆன்லைனில் 'விண்டேஜ்' என்று போட்டு விற்கும் கண்ணாடிகளை நிறையப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். படத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். பழைய கண்ணாடியைத் திருப்பி, முதுகைத் தடவிப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

திருச்சியில் எங்கள் ஃபிளாட்டின் நடையில் ஜன்னல் கிடையாது. பகலிலும் லைட் எரிய வேண்டும். ஹாலில் விழுகிற காலை வெளிச்சத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்ப ஒரு கண்ணாடி தேவைப்பட்டது. புதுசு எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளின் முகப்பில் பார்த்த கண்ணாடிகள் மனசை விட்டுப் போகவில்லை.

தெரு சின்னது. எனாமல் தூக்குகள், வெண்கலப் பூட்டுகள், ரவிவர்மா படங்கள், தகர விளம்பரப் பலகைகள், தேக்குத் தூண்கள் என்று கடைகள் பிதுங்கி நிற்கின்றன. கண்ணாடிகள் பெரும்பாலும் உள்ளே, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தி வைத்திருப்பார்கள். வெளியே தெரிவதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கேட்டால் எடுத்துக் காட்டுகிறார்கள், முகம் சுளிப்பதில்லை.

இவையெல்லாம் எங்கிருந்து வந்தவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்து சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடுகளிலிருந்து. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவு அறுந்தது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊர், பராமரிக்க ஆள் இல்லை. கடைசியில் கதவும் தூணும் கண்ணாடியும் தனித்தனியாக விலைக்கு வருகின்றன. அதை நினைத்தால் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. வாங்குகிறவர்களாவது அவற்றை உருமாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் வாங்கியது இரண்டுக்கு மூன்று அடி. தேக்குச் சட்டம், மேலே ஒரு சின்னக் கொடி வேலைப்பாடு. ஓரம் சுற்றிலும் பட்டை வெட்டியிருக்கிறது. விரலை ஓட்டினால் சரிவு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத அளவுக்கு மென்மை. புதுக் கண்ணாடிகளில் அந்த இடம் விரலுக்கு வெடுக்கென்று தட்டும். கீழே இடது மூலையில் ரசம் போய், தோசைக்கல்லில் தெறித்த எண்ணெய் மாதிரி கறுப்புப் புள்ளிகள். நடுவில் முகம் தெளிவாகத் தெரிகிறது. தலையை மெல்ல அசைத்தால் பின்னாலிருக்கும் கதவுச் சட்டம் லேசாக நெளிகிறது. இன்று எல்லா வீட்டிலும் இருக்கிற ஃப்ளோட் கண்ணாடியை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959இல்தான். உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு எடுப்பதால் அதில் நெளிவே இருக்காது.

கடைக்காரர் நல்ல மனசோடுதான் கேட்டார்: "சட்டம் அருமையான சட்டம்க்கா. கண்ணாடிய மட்டும் மாத்திக் குடுத்துரட்டுமா? புதுசு போட்டா பளிச்சுன்னு இருக்கும்."

"வேண்டாண்ணே, அந்தக் கண்ணாடிக்காகத்தான் வாங்குறேன்" என்றேன். தயவுசெய்து நீங்களும் மாற்றாதீர்கள். ஓரத்தில் ஈரம் புகுந்து வெள்ளிப்பூச்சு கறுப்பதால் வருகிற புள்ளிகள் அவை. அந்தக் கண்ணாடி பார்த்த மழைக்காலங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. முகமே தெரியாத அளவுக்குப் போயிருந்தால் அது வேறு விஷயம்.

முதுகில் என்ன பார்க்க வேண்டும்? பலகை சீராகப் பழுப்பேறியிருக்க வேண்டும். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) நூறு வருஷத்துச் சரக்கு என்று காட்டிய சட்டத்தின் பின்னால் புதுப் பலகை, மணக்க மணக்க வார்னிஷ், ஸ்டார் ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவுக்கு பிலிப்ஸ் காப்புரிமை வாங்கியதே 1936இல். பின்னால் பழுதுபார்த்தபோது யாராவது மாற்றியிருக்கலாம், அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மூன்றும் சேர்ந்திருந்தால் நம்பாதீர்கள். கனமான கண்ணாடி எல்லாவற்றையும் 'பெல்ஜியம்' என்றுதான் சொல்வார்கள். முத்திரையோ எழுத்தோ இல்லாமல் அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று முக்கியம். கண்ணாடிக்கு ரசம் பூசுவது என்கிறோமே, அது ஒரு காலத்தில் நிஜப் பாதரசம்தான், தகரத்தோடு சேர்த்துப் பூசியது. 1835இல் ஜெர்மனியின் லீபிக் வெள்ளி பூசும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் அது படிப்படியாக ஒழிந்தது. பின்பக்கம் பெயின்ட் இல்லாமல், சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் சுரண்டாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் அதை வாங்க மாட்டேன். என்னுடையது செம்பழுப்புப் பெயின்ட் அடித்த வெள்ளிப்பூச்சு.

14,000 சொன்னார், 11,500க்கு முடிந்தது. அந்த அளவுக்கும் வேலைப்பாட்டுக்கும் நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

மாட்டுவதில்தான் அழகே இருக்கிறது. கண்ணாடி மட்டுமே எட்டு கிலோ வரும், சட்டம் தனி. ஒற்றை ஆணியை நம்ப வேண்டாம். ட்ரில் போட்டு, பிளக் வைத்து, இரண்டு ஸ்க்ரூ. செட்டிநாட்டு வீடுகளில் நான் பார்த்த கண்ணாடிகள் மேல்பக்கம் முன்னுக்குச் சாய்ந்து நிற்கும். கீழே உட்கார்ந்திருப்பவர் முகமும் அதில் தெரியும். எங்கள் ஆசாரியிடம் வளையங்களைச் சட்டத்தின் பாதி உயரத்துக்குச் சற்று மேலே பொருத்தச் சொன்னேன், அந்தச் சாய்வு தானாக வந்துவிட்டது. சுவரோடு ஒட்டாமலிருக்கக் கீழே இரண்டு கார்க் துண்டு. ஓதம் ஏறும் சுவரும் பாத்ரூமும் பழைய கண்ணாடிக்கு ஆகவே ஆகாது. துடைக்கும்போதும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ஓரத்தில் இறங்கிவிடும். லேசாக நனைத்துப் பிழிந்த துணி போதும். இப்போது நடையில் பகலில் லைட் தேவைப்படுவதில்லை. வெயில் ஏறும் நேரத்தில் பட்டை வெட்டிய ஓரம் எதிர்ச் சுவரில் மெல்லிய வானவில் கோடு ஒன்று போடுகிறது.

எனக்கு இருக்கிற ஒரே குறை பேக்கிங். இவ்வளவு விலையுள்ள பொருளை நியூஸ்பேப்பரும் சணலும் சுற்றித்தான் கொடுத்தார்கள். போகும்போது பழைய ஜமுக்காளம் இரண்டும் தெர்மாகோல் பட்டையும் எடுத்துப் போங்கள். காரில் படுக்க வைக்காமல் சீட்டோடு சேர்த்து நிமிர்த்தி நிறுத்திக் கட்டுங்கள். படுக்க வைத்தால் ஒரு வேகத்தடை போதும், நடுவில் விரிசல் விட்டுவிடும்.