காரீயச் சேமிப்பு: ஓராண்டுக்கா, பத்தாண்டுக்கா?

அமெரிக்காவில் வீட்டிலேயே காரீயத்தை (ஈயத்தை) உருக்கித் தோட்டா வார்ப்பவருக்கு ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் ரவையின் 158 கிரெய்ன் தோட்டா அதில் 44 தேறும். வாரம் 100 சுட்டால் ஆண்டுக்கு 5,200 தோட்டா, 53 கிலோ. கசடு கழிவதையும் சேர்த்து 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓராண்டு இருப்பு ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிடும். சிக்கல் வேறு: அடுத்த முறை கிடைக்கும் ஈயத்தின் கடினம் மாறும், தோட்டாவின் அளவும் எடையும் மாறும், பழைய வெடிமருந்தளவு பொருந்தாமல் போகலாம்.

பத்தாண்டு இருப்பு 600 கிலோ. அளவில் 53 லிட்டர்தான், ஆனால் நான்கு சதுர அடியில் அடுக்கினால் சதுர அடிக்கு 330 பவுண்டு. வீட்டு மரத்தளங்கள் தாங்குவதற்கான வழக்கமான கணக்கோ 40 பவுண்டு. ஆகவே கான்கிரீட் தரை வேண்டும். ஓக் பெட்டி கூடாது. அதன் அமில ஆவி ஈயத்தை வெள்ளையாக அரிக்கும்.

பழைய சக்கர எடைகளை (வாகனச் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் சிறு உலோகத் துண்டுகளை) வாங்கிக் குவிப்பவர் கவனிக்க: துத்தநாக எடை கலந்துவிட்டால் வார்ப்பு அச்சில் சரியாக நிரம்பாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலும் துத்தநாகம் 420இலும் உருகும். 370ஐத் தாண்டாமல் உருக்கினால் துத்தநாகம் மிதக்கும், அள்ளிவிடலாம். ஒவ்வொரு உருக்கலையும் தனிக் குறியிட்டு வையுங்கள். கலந்துவிட்டால் கெடுவது மொத்த இருப்பும்.

சக்கர எடைகளில் ஈயம் அருகி வருகிறது. கலிஃபோர்னியா ஈயச் சக்கர எடைகளை 2010இலேயே தடை செய்தது. ஆகவே ஓராண்டுக்கும் பத்தாண்டுக்கும் நடுவே, மூன்றாண்டுக்கு 180 கிலோ போதும் என்பதே எங்கள் கணிப்பு. நெடுநாள் கிடந்த ஈரக் கட்டியை நேரே உருகிய ஈயத்தில் போடாதீர்கள், நீராவி வெடித்துத் தெறிக்கும். பானை விளிம்பில் முதலில் சூடாக்குங்கள்.